ஆவணத்தின் தலைமாட்டில் இருக்கும் அந்த ஒரு லிங்க்

பைத்தான் நிரல்மொழியின் ஆவணங்களைத் திறந்தால் பல மாட்யூல்களின் (எடுத்துப் பயன்படுத்தத் தயாராக எழுதிவைத்த நிரல்தொகுப்புகளின்) பக்கத்தில், தலைப்புக்குக் கீழே, விளக்கம் தொடங்குவதற்கு முன்னாலேயே ஒரு வரி இருக்கும். மூலநிரல் என்று போட்டு, பக்கத்தில் ஒரு கோப்பின் பெயர். அதை அழுத்தினால் அந்த மாட்யூல் எழுதப்பட்டிருக்கும் கோப்பே, நிரல்களை இணையத்தில் வைத்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் திறக்கும். வருடக்கணக்கில் பைத்தான் எழுதுகிறவர்களில்கூட நிறையப் பேர் அதை ஒருமுறையும் அழுத்தியிருக்க மாட்டார்கள். என்னைக் கேட்டால் அந்தப் பக்கத்திலேயே முக்கியமான வரி அதுதான்.

கட்டற்ற மென்பொருள் என்றால் நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது என்கிறோம். உண்மைதான். ஆனால் லட்சக்கணக்கான வரிகளில் நான் படித்துக்கொண்டிருக்கும் இந்தப் பத்தி எந்த வரியைப் பற்றிப் பேசுகிறது என்று தெரியாதவரை, அந்தத் திறப்பு புதிதாக வருகிறவர்களுக்குப் பெரிதாக உதவுவதில்லை. ஆவணத்திலிருந்து நிரலுக்கும், நிரலிலிருந்து ஆவணத்துக்கும் போக வர வழி இருக்க வேண்டும், அந்த வழி காலப்போக்கில் தூர்ந்து போகாமலும் இருக்க வேண்டும். இதைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாக எழுதப்போகிறேன், ஏனென்றால் இது யாருக்கு அதிகம் தேவைப்படுகிறது என்று நான் வாராவாரம் நேரில் பார்க்கிறேன்.

நான் இருப்பது மண்டபத்தில். ஞாயிற்றுக்கிழமைகளில் வேதாளை, உச்சிப்புளி, பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்திலிருந்து சில பிள்ளைகள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். ராமநாதபுரத்திலும் கீழக்கரையிலும் டிப்ளமோ, இன்ஜினியரிங் படிக்கிறவர்கள். வீட்டில் அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா பாசி எடுக்கவோ கருவாடு போடவோ போகிறவர். சென்னையில் ஒரு கம்பெனியில் சேர்ந்த பையனுக்குச் சந்தேகம் வந்தால் பக்கத்து சீட்டு சீனியரிடம் கேட்டுவிடலாம், அவருக்கும் தெரியாவிட்டால் அவர் வேறு யாரையாவது கைகாட்டுவார். இங்கே அப்படி ஒருவரும் கிடையாது. எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான், அதற்கு மேல் அவர்களுக்கு இருப்பது ஆவணமும் நிரலும் மட்டும். அந்த இரண்டுக்கும் நடுவில் லிங்க் இருக்கிறதா இல்லையா என்பதுதான், ஒரு கேள்வி அன்றைக்கே தீருமா அல்லது அப்படியே கைவிடப்படுமா என்பதைத் தீர்மானிக்கிறது.

ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். ஒரு பெண் மீன் விலையையும் காற்று நிலவரத்தையும் தமிழில் வரி வரியாகத் திரையில் காட்டும் சின்ன நிரல் எழுதிக்கொண்டிருந்தாள். நீளமான வாக்கியத்தை அளவாக மடிக்க பைத்தானில் ஏற்கெனவே இருக்கும் டெக்ஸ்ட்ராப் மாட்யூலைப் பயன்படுத்தினாள். "அண்ணே, இங்கிலீஷ்ல எழுதுனா வரி முழுசா வருது, தமிழ்ல எழுதுனா பாதியிலயே மடிஞ்சு போயிருது, அகலம் ரெண்டுக்கும் அதே நாப்பதுதான்" என்றாள். ஆவணத்தைப் பார்த்தோம். ஒரு வரியின் அதிகபட்ச நீளம் என்று அகலத்துக்கு விளக்கம் இருக்கிறது, எதுவும் சொல்லாவிட்டால் 70 என்று எடுத்துக்கொள்ளும் என்றும் இருக்கிறது. நீளத்தை எப்படி எண்ணுகிறார்கள் என்பதை வைத்துத்தான் தமிழுக்கு எல்லாமே, அதை அந்தப் பத்தி சொல்லவில்லை. "மேலே மூலநிரல்னு இருக்கு பாரு, அதைத் திற" என்றேன்.

அது சின்னக் கோப்புதான், ஏறக்குறைய 500 வரி. வார்த்தைத் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வரியில் அடுக்கும் இடத்துக்கு வந்ததும் அவளே நிறுத்திவிட்டாள். அங்கே ஒரு துண்டின் நீளத்தைப் பைத்தானின் சாதாரண ‘லென்’ ஃபங்ஷனை வைத்து எடுக்கிறார்கள், அடுத்த வரியில் இதுவரை சேர்ந்த நீளத்தோடு இதைக் கூட்டினால் அகலத்துக்குள் அடங்குகிறதா என்று பார்க்கிறார்கள். அவ்வளவுதான். பக்கத்தில் இன்னொரு ஜன்னலைத் திறந்து ‘பாம்பன்’ என்று கொடுத்து லென் போட்டுப் பார்த்தாள், 7 என்று வந்தது. நம் கணக்கில் பா, ம், ப, ன், நான்கு எழுத்து. ‘தங்கச்சிமடம்’ என்று கொடுத்தால் 12, நம் கணக்கில் 8. யூனிகோடில் துணைக்காலும் கொம்பும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள், லென் அவற்றையும் சேர்த்து எண்ணுகிறது, அதனால் வரி நிரம்பிவிட்டது என்று நினைத்துச் சீக்கிரமே மடிக்கிறது. ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நூலகத்தில் தமிழ்ச் சொல்லை எழுத்து எழுத்தாகப் பிரித்துத் தரும் ஃபங்ஷன் இருக்கிறது. அதை வைத்து எண்ணி, இடைவெளி விட்ட இடங்களில் மட்டும் மடிக்கிற மாதிரி அவளே ஒன்று எழுதிக்கொண்டாள். எழுத்தின் எண்ணிக்கையும் திரையில் அது பிடிக்கும் இடமும் அப்படியே ஒன்றாகிவிடாது, ‘ண’வும் ‘ர’வும் ஒரே அகலமில்லையே, ஆனாலும் அவளுடைய வேலைக்கு அது போதும்.

இதில் எனக்குப் பெரிதாகப் பட்டது அவள் பிழையைத் தீர்த்தது இல்லை. உலகமெல்லாம் பயன்படுத்தும் ஒரு நிரலைத் திறந்து படித்தால் தனக்கும் புரியும் என்று அன்றைக்கு அவள் தெரிந்துகொண்டாள். அந்த லிங்க் இல்லாமல் மொத்த நிரலும் இருக்கும் களஞ்சியத்தில் போய் நீயே தேடிக்கொள் என்றிருந்தால், நூற்றுக்கணக்கான அடைவுகளைப் பார்த்துவிட்டு அவள் மூடியிருப்பாள்.

அந்த லிங்க் எப்படி அங்கே வருகிறது என்பதிலும் பாடம் இருக்கிறது. பைத்தானின் ஆவணங்கள் ஸ்பிங்ஸ் என்ற கருவியில் தயாராகின்றன. கியார்க் பிராண்டல் என்பவர் பைத்தான் ஆவணங்களுக்காகவே எழுதி 2008-இல் வெளியிட்டது, இப்போது எத்தனையோ திட்டங்கள் அதைப் பயன்படுத்துகின்றன. ஆவணம் எழுதுகிறவர் கிட்ஹப் முகவரியை முழுசாக டைப் செய்வதில்லை, கோப்பின் பாதையை மட்டும் ஒரு சின்னக் குறியீட்டுக்குள் எழுதிவிட்டுப் போகிறார். எந்தப் பதிப்பின் ஆவணமோ அந்தப் பதிப்பின் கிளையை, அதாவது களஞ்சியத்தில் அந்தப் பதிப்புக்கென்று தனியாக இருக்கும் நிரலை, ஆவணம் தயாராகும்போது ஸ்பிங்ஸே சேர்த்துக்கொள்ளும். 3.11-இன் ஆவணம் படிப்பவர் 3.11-இன் நிரலுக்குப் போவார், 3.12 படிப்பவர் 3.12-க்கு. கையால் எழுதிய முகவரிகளை ஒவ்வொரு வெளியீட்டின்போதும் யாராவது உட்கார்ந்து மாற்றுவார்கள் என்று நம்பியிருந்தால் இது என்றோ நின்றுபோயிருக்கும்.

பெரும்பாலான சின்னத் திட்டங்களில் நடப்பது வேறு. ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பில் ‘இந்தக் கணக்கு இங்கே நடக்கிறது’ என்று எழுதி, தொடர்ந்து மாறிக்கொண்டிருக்கும் மெயின் கிளையில் ஒரு கோப்பின் குறிப்பிட்ட வரி எண்ணுக்கு லிங்க் கொடுத்துவிடுவார்கள். கொடுத்த அன்றைக்குச் சரியாகத்தான் இருக்கும். அடுத்த வாரம் ஒருவர் கோப்பின் மேலே நான்கு வரி சேர்த்தால் அந்த லிங்க் நான்கு வரி தள்ளிப் போய் வேறு எதையோ காட்டும். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் ஜிபிஎஸ் வருவதற்கு முன்னால் கோபுரம், பனை என்று கரையில் இரண்டு அடையாளத்தை ஒன்றுக்கொன்று நேராக வைத்துப் பார்த்துத்தான் கடலடிப் பாறையான பார் இருக்கும் இடத்துக்குப் போவார்கள், யாரும் நங்கூரத்தில் கிடக்கும் படகை அடையாளமாக வைக்கமாட்டார்கள். மெயின் கிளையின் வரி எண் அந்தப் படகுதான்.

கிட்ஹப்பில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு விசைப்பலகையில் ‘ஒய்’ எழுத்தை அழுத்தினால், முகவரியில் கிளையின் பெயர் இருந்த இடத்தில் அந்தக் கமிட்டின் (ஒரு தடவை பதிவு செய்த மாற்றத்தின்) ஹாஷ், அதாவது 40 எழுத்தும் எண்ணும் சேர்ந்த அடையாளம், வந்து உட்கார்ந்துகொள்ளும். களஞ்சியத்தில் அந்தக் கமிட் இருக்கும்வரை அந்த வரி அந்த இடத்திலேயே இருக்கும். இது தெரிந்ததும் சிலர் எல்லா இடத்திலும் இதையே போட ஆரம்பித்துவிடுகிறார்கள், அதுவும் சரியில்லை என்பது என் கருத்து. பிழை அறிக்கையிலும், ‘இந்த முடிவை ஏன் எடுத்தோம்’ என்று எழுதும் குறிப்பிலும் கமிட்டைக் கட்டிப்போட்ட லிங்க்தான் வேண்டும், அன்றைக்கு நிரல் எப்படி இருந்தது என்பதுதான் அங்கே பேச்சு. ‘இந்த ஃபங்ஷன் எப்படி வேலை செய்கிறது’ என்று விளக்கும் பக்கத்தில் அதைப் போட்டால், நிரல் மாறி இரண்டு வருடம் ஆனபிறகும் லிங்க் உடையாமல் பழைய நிரலையே காட்டிக்கொண்டிருக்கும். உடைந்த லிங்க்கை யாராவது கவனித்துச் சொல்வார்கள். பழையதை ஒழுங்காகக் காட்டும் லிங்க்கை யாரும் கவனிப்பதில்லை, படிக்கிறவர் தவறாகப் புரிந்துகொண்டு போய்விடுவார். ஸ்பிங்ஸில் லிங்க் சோதிக்கும் வசதி இருக்கிறது, ஆனால் பக்கம் திறக்கிறதா என்றுதான் அதனால் பார்க்க முடியும். அந்தப் பக்கத்தில் இருப்பது நம் பத்தி சொல்லும் விஷயம்தானா என்று அதற்குத் தெரியாது.

விளக்கப் பக்கங்களுக்கு வரி எண்ணும் வேண்டாம், கமிட்டும் வேண்டாம், பெயரை வைத்துப் போவதுதான் நல்லது. எண் கணக்குகளுக்கான நம்பை நூலகத்தின் ஆவணங்களில், பைத்தானில் எழுதிய ஃபங்ஷன்களுக்குப் பக்கத்தில் மூலநிரல் லிங்க் இருக்கும். யாரும் அதைக் கையால் போடுவதில்லை. ஸ்பிங்ஸின் லிங்க்கோட் என்ற நீட்சி, மாட்யூலின் பெயரையும் ஃபங்ஷனின் பெயரையும் திட்டத்தின் அமைப்புக் கோப்பில் இருக்கும் ஒரு ஃபங்ஷனிடம் கொடுக்கும். அது பைத்தானின் இன்ஸ்பெக்ட் மாட்யூலைக் கேட்டு, இந்தப் பெயர் எந்தக் கோப்பில் எந்த வரியில் தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரிந்துகொண்டு, வெளியான பதிப்பாக இருந்தால் அந்தப் பதிப்பைக் குறிக்கும் டேக்கையும் சேர்த்து முகவரியைக் கொடுக்கும். ஒவ்வொரு முறை ஆவணம் தயாராகும்போதும் வரி எண் புதிதாகக் கண்டுபிடிக்கப்படுவதால் பழசாகிப் போவதற்கு வழியே இல்லை.

இதே ஸ்பிங்ஸில் வியூகோட் என்று இன்னொரு நீட்சி இருக்கிறது, அதற்கு எங்கள் ஊர்ப் பிள்ளைகள் சார்பில் தனியாக ஒரு நன்றி சொல்ல வேண்டும். அது கிட்ஹப்புக்கு அனுப்பாமல் நிரலையே ஆவணத்தோடு ஒரு பக்கமாகச் சேர்த்துவிடும். மொத்தத்தையும் இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலே ஆவணத்திலிருந்து நிரலுக்கும் திரும்பவும் போகலாம். ரஸ்ட் மொழியில் இது இயல்பாகவே உண்டு, நம் கணினியிலேயே ஆவணத்தைத் தயாரித்துக்கொண்டால் ஒவ்வொன்றின் பக்கத்திலும் மூலநிரல் லிங்க் சேர்ந்தே வரும். டேட்டா தீர்ந்துபோன மாதக் கடைசியிலும், தனுஷ்கோடிப் பக்கம் போய் போன் இலங்கை நெட்வொர்க்கைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதும் இதன் அருமை தெரியும்.

எங்கள் பிள்ளைகள் எழுதும் ஒரு சின்ன நிரலில் இதையெல்லாம் நடைமுறையில் செய்துபார்க்கிறோம். படகில் கையில் வைத்துக்கொள்ளும் ஜிபிஎஸ் கருவியில் குறித்து வைத்த இடங்களை எடுத்து வரைபடத்தில் காட்டும் நிரல் அது. அந்த இடங்களைச் சேமிக்கும் ஜிபிஎக்ஸ் கோப்பில் இடத்தைப் பதின்மப் பாகையில்தான், அதாவது டிகிரியைத் தசமப் புள்ளியோடுதான் எழுத வேண்டும், 2004-இல் வந்த 1.1 பதிப்பிலேயே அப்படித்தான் வகுத்திருக்கிறார்கள். கடலில் வைத்திருக்கும் கருவிகளோ பெரும்பாலும் டிகிரி, மினிட் என்று காட்டுகிற மாதிரி வைக்கப்பட்டிருக்கும். தங்கச்சிமடத்துப் படகுக்காரர் ஒருவர் பார்த்துவிட்டு, "தம்பி, மிஷின்ல ஒம்பது, பதினேழு புள்ளி மூணுன்னு காட்டுது, ஒங்க படத்துல ஒம்பது புள்ளி ரெண்டு எட்டுன்னு வருதே, எது சரி?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. 9 டிகிரி 17.3 மினிட் என்பதை 9.173 என்று எடுத்துக்கொண்டால் கிட்டத்தட்ட 7 கடல்மைல், அதாவது 13 கிலோமீட்டர் தெற்கே போய்விடுவோம். 1974-லும் 1976-லும் போட்ட ஒப்பந்தங்களின் எல்லைக்கோடு பக்கத்திலேயே ஓடும் எங்கள் கடலில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று இந்தக் கரையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

நிரலை எழுதிய பையன் பக்கத்திலேயே இருந்தான். ஆவணத்தில் ‘டிகிரி மினிட் மாற்றுவது’ என்ற பத்தியைத் திறந்தான், அங்கிருந்து ஃபங்ஷனுக்குப் போனான், மினிட்டை 60-ஆல் வகுத்து டிகிரியோடு கூட்டும் வரியைக் காட்டினான், அப்புறம் அந்தக் கணக்கைச் சோதிக்கும் டெஸ்ட்டையும் திறந்தான். 9, 17.3 என்று கொடுத்தால் 9.2883 வர வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. "ரெண்டும் ஒரே எடந்தான் மாமா, மிஷின் ஒரு மாதிரி எழுதுது, படம் வேற மாதிரி எழுதுது" என்று சொன்னான். அவர் நிரலைப் படிக்கப்போவதில்லைதான், ஆனால் சொல்கிறவன் ஊகித்துச் சொல்லவில்லை என்பது அவருக்குத் தெரிந்தது. மிஷினையும் காகிதத்தையும் எடுத்துவைத்துக்கொண்டு தானே ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

அந்தப் பத்தியில் இருக்கும் உதாரணத்தை நாங்கள் ஆவணத்தில் டைப் செய்யவில்லை. டெஸ்ட் கோப்பில் அந்த உதாரணம் தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் ஒரு கமெண்ட் (கணினி கண்டுகொள்ளாத குறிப்பு) வைத்திருக்கிறோம், ஸ்பிங்ஸ் அந்த இரண்டு கமெண்டுக்கும் நடுவில் இருப்பதை எடுத்து ஆவணத்தில் வைத்துவிடும். வரி எண் சொல்லியும் எடுக்கலாம், சொல்லாதீர்கள், மேலே சொன்ன அதே தொல்லை வரும். யாராவது கணக்கை மாற்றினால் டெஸ்ட் உடையும், டெஸ்ட்டைத் திருத்தினால் ஆவணமும் தானாகத் திருந்தும். உதாரணத்தை ஓட்டிப்பார்க்கும் இந்தப் பழக்கம் புதிதில்லை. டிம் பீட்டர்ஸ் எழுதிய டாக்டெஸ்ட், 2001-இல் வெளியான பைத்தான் 2.1-இலேயே சேர்ந்துவிட்டது. கோ மொழியில் உதாரண ஃபங்ஷனின் கீழே என்ன அச்சாக வேண்டும் என்று கமெண்டில் எழுதிவிட்டால், டெஸ்ட் ஓடும்போது அதையும் ஒப்பிட்டுப் பார்க்கும், அதே உதாரணம் ஆவணத்திலும் வரும்.

நிரலிலிருந்து ஆவணத்துக்குத் திரும்பும் வழியைப் பற்றி நிறையப் பேர் யோசிப்பதில்லை. எங்கள் ஃபங்ஷனுக்கு மேலே இரண்டு வரி கமெண்ட் இருக்கிறது: இந்தக் கணக்கின் விளக்கம் ஆவணத்தின் எந்தக் கோப்பில் எந்தத் தலைப்பில் இருக்கிறது, இதை மாற்றினால் அதையும் மாற்று. ஆவணம் அதே களஞ்சியத்தில் இருப்பதால் இரண்டையும் ஒரே கமிட்டில் மாற்ற முடிகிறது. இதனால்தான் கிட்ஹப்பின் விக்கியில் ஆவணம் எழுதுவது எனக்குப் பிடிப்பதில்லை. விக்கி உள்ளுக்குள் தனியாக ஒரு கிட் களஞ்சியம், நிரலும் விளக்கமும் ஒரே கமிட்டில் மாறவே முடியாது, நாளடைவில் இரண்டும் வேறு வேறு கதை சொல்ல ஆரம்பித்துவிடும்.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில் இதை இன்னும் நெருக்கமாக வைத்திருக்கிறார்கள். ஃபங்ஷனுக்கு மேலேயே அதன் விளக்கத்தை ஒரு குறிப்பிட்ட வடிவத்தில் கமெண்டாக எழுதுவார்கள், ஆவணப் பக்கத்தில் ‘இந்தக் கோப்பிலிருந்து எடு’ என்று ஒரு வரி மட்டும் இருக்கும். 2016-இல் 4.8 பதிப்பிலிருந்து அந்த ஆவணங்களும் ஸ்பிங்ஸுக்கு வரத் தொடங்கின. ஃபங்ஷன் வாங்கும் மதிப்பு ஒன்றின் பெயரை மாற்றிவிட்டு கமெண்டை மாற்றாமல் விட்டால் சோதிக்கும்போது எச்சரிக்கை வரும். அதைவிட எனக்குப் பிடித்தது அவர்களுடைய கமிட் செய்திகள். ஒரு பிழையைத் திருத்தினால், எந்தக் கமிட்டில் அந்தப் பிழை வந்ததோ அதன் ஹாஷில் முதல் 12 எழுத்தும் அதன் தலைப்பும் செய்தியின் கடைசியில் இருக்கும். ஒரு வரி ஏன் இப்படி இருக்கிறது என்று எந்த ஆவணமும் சொல்லாவிட்டாலும், எந்த வரி எந்தக் கமிட்டில் வந்தது என்று காட்டும் கிட் பிளேம் போட்டுக் கமிட்டைப் பிடித்து, அங்கிருந்து முந்தின கமிட்டுக்குப் போய், நடந்த கதையைக் கோத்துவிடலாம். ஒரே ஒரு ஃபங்ஷனின் வரலாற்றை மட்டும் பார்க்க கிட் லாக்கிலேயே வசதி உண்டு, ஃபங்ஷனின் பெயரையும் கோப்பையும் கொடுத்தால் போதும். எங்கள் பிள்ளைகளுக்கு இதைக் காட்டிக்கொடுத்த அன்றைக்கு மத்தியானச் சாப்பாடு யாருக்கும் நினைவில்லை.

ரஸ்ட் கம்பைலர் பிழை சொல்லும்போது பெரும்பாலும் கூடவே ஒரு எண்ணும் கொடுக்கும், அந்த எண்ணைத் திருப்பிக் கொடுத்து விளக்கு என்றால் உதாரணத்தோடு விளக்கம் டெர்மினலிலேயே வரும். நிரலிலிருந்து ஆவணத்துக்கு இதைவிடக் குறுக்கு வழி கிடையாது, சின்ன நிரல்களின் பிழைச் செய்தியிலும் ஆவணத்தின் தலைப்பு ஒன்றைச் சேர்த்துவிடலாம்.

கட்டற்ற மென்பொருளில் முதல் பங்களிப்பு என்ன செய்யலாம் என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: நீங்கள் பயன்படுத்தும் ஒரு நூலகத்தின் ஆவணத்தை எடுத்துக்கொண்டு, நிரலுக்குப் போகும் லிங்க் ஒவ்வொன்றையும் அழுத்திப் பாருங்கள். சொல்லும் இடத்துக்குத்தான் போகிறதா, போன இடத்தில் இருப்பது பத்தி சொல்வதுதானா என்று படித்துப் பாருங்கள். நிச்சயம் ஏதாவது மாட்டும். அதைத் திருத்தி அனுப்பும் புல் ரிக்வெஸ்ட் நான்கு வரிதான் இருக்கும், ஆனால் அதற்குள் ஆவணத்தையும் நிரலையும் இரண்டு பக்கமும் படித்திருப்பீர்கள். பராமரிக்கிறவர்களும் இதை மறுப்பது அபூர்வம்.

தமிழில் ஆவணங்களை மொழிபெயர்க்க உட்காருகிறவர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பைத்தான் ஆவணங்களை மற்ற மொழிகளில் கொண்டுவரும் முறையை 2017-இல் பெப் 545 என்ற முன்மொழிவில் வகுத்தார்கள், மூலத்தின் ஒவ்வொரு பத்தியும் தனித்தனியாக வரும், நாம் அதன் கீழே நம் மொழியில் எழுத வேண்டும். அப்படிச் செய்யும்போது தலைப்புக்குக் கீழே அந்த மூலநிரல் வரியும் குறியீடுகளோடு வந்து நிற்கும். வாசகருக்கு இது எதற்கு என்று நினைத்து அதை விட்டுவிடவோ, உள்ளே இருக்கும் கோப்பின் பாதையைத் தமிழாக்கவோ வேண்டாம். ‘மூலநிரல்’ என்பதை மட்டும் தமிழில் எழுதிவிட்டு, குறியீட்டையும் பாதையையும் எழுத்து மாறாமல் அப்படியே விட்டுவிடுங்கள். ஆவணம் தயாராகும்போது அந்தப் பதிப்பின் கோப்புக்கு அது தானாகவே போய்ச் சேர்ந்துவிடும்.